கம்பிக்குள்ளே நடக்கும் யுத்தம்

(திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் அருகே நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் வாசகம்)



பகல் ஷிப்டு முடிந்து நேரே இங்கு வந்த ஆலைத் தொழிலாளர்கள் இருக்கிறீர்கள். லால்குடி, மண்ணச்சநல்லூர், முசிறி, துறையூர்ப் பக்கத்திலிருந்து வந்த விவசாயத் தொழிலாளர்கள் இருக்கிறீர்கள். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய கவலை உங்களுக்கு உண்டு. ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

தேசங்கள் இன்று கம்ப்யூட்டர் வழியாக ஒன்றையொன்று தாக்கிக்கொள்கின்றன. இதைப் பற்றிப் பேச வேண்டும் என்று சொன்னபோது ஒரு தோழர் கேட்டார்: “கூலி உயர்வு பேசலாம், போனஸ் பேசலாம். கம்ப்யூட்டர் சண்டை நமக்கு எதற்கு? அது படித்தவர்கள் சமாசாரம் அல்லவா?”

நியாயமான கேள்வி. பதிலும் சொல்லியாக வேண்டும். உங்கள் கூலி இன்று எங்கே வருகிறது? கையில் வருகிறதா? பாங்குக் கணக்கில் வருகிறது. ரேஷன் அரிசி எப்படி வருகிறது? மிஷினில் விரல் வைத்தால் வருகிறது. 100 நாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல் வருகைப் பதிவே கைப்பேசிச் செயலி வழியாக என்று கட்டாயமாக்கினார்கள். ஆலையில் மெஷின் ஓடுவதும், வயலில் மோட்டார் ஓடுவதும் மின்சாரத்தால். அந்த மின்சாரத்தைப் பங்கிட்டு அனுப்புவது கம்ப்யூட்டர். இந்தக் கம்பியை எவனோ ஒருவன் எங்கோ உட்கார்ந்து அறுத்தால், முதலில் யார் அடுப்பு அணையும்? உங்கள் அடுப்பு, என் அடுப்பு. ஆகவே இது நம் சமாசாரம்தான்.

ஸ்ரீரங்கத்து மண்ணில் அன்று

தோழர்களே, பிறர் சண்டை நம் மண்ணில் நடப்பது புதிதல்ல. நிமிர்ந்து பாருங்கள், மலைக்கோட்டை தெரிகிறது. 1751, 1752ஆம் ஆண்டுகளில் இந்தக் கோட்டையைச் சுற்றி யார் சண்டை போட்டார்கள்? இங்கிலீஷ்காரக் கம்பெனி ஒரு பக்கம். பிரெஞ்சுக்காரக் கம்பெனி மறு பக்கம். முகம்மது அலியை ஒருவன் தூக்கிப் பிடித்தான்; சந்தா சாகிபை மற்றவன் தூக்கிப் பிடித்தான். பிரெஞ்சுத் தளபதி ழாக் லா, ஆற்றைக் கடந்து ஸ்ரீரங்கம் தீவுக்குள் ஒதுங்கினான். திருவானைக்காவல் கோயிலும் ஸ்ரீரங்கம் கோயிலும் படை முகாம்களாயின. 1752 ஜூன் மாதம் அவன் சரணடைந்தான். சந்தா சாகிபின் தலை போயிற்று.

சண்டை போட்ட கம்பெனிகள் இரண்டும் சமுத்திரத்துக்கு அப்பாலிருந்து வந்தவை. சரக்குக்கும் லாபத்துக்கும் வந்தவை. மிதிபட்டதோ காவிரிக் கரையில் உழுதவனின் பயிர். பிறகு அவர்கள் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். உழுதவனுக்கு என்ன கிடைத்தது?

இன்றைய கம்ப்யூட்டர் யுத்தத்தையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். யார் கெட்டிக்காரன், யார் மகா சூரன் என்று வேடிக்கை பார்ப்பதில் பயனில்லை. மிதிபடுவது யார் என்று பார்க்க வேண்டும்.

எம்டன் செய்த வேலை

கெட்டிக்காரனை நம் ஊரில் “அவன் எம்டன்” என்கிறோம். அந்தப் பேர் எப்படி வந்தது என்பது வயதானவர்களுக்குத் தெரியும். எம்டன் என்பது ஒரு ஜெர்மன் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைக்கு எதிரே வந்து நின்று, துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் மீது குண்டு போட்டுக் கொளுத்திவிட்டுப் போயிற்று.

அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். அந்தக் கப்பல் எதைத் தாக்கப் போய் அழிந்தது என்பது பலருக்குத் தெரியாது. இந்து சமுத்திரத்தின் நடுவே கோக்கோஸ் தீவுகள் இருக்கின்றன. அங்கே கடலடித் தந்திக் கம்பிகள் வந்து சேரும் ஒரு நிலையம் இருந்தது. ஆஸ்திரேலியாவுக்கும் மற்றத் தேசங்களுக்கும் செய்தி போகும் வழி அது. 1914 நவம்பர் 9 அன்று எம்டனிலிருந்து சுமார் 50 பேர் கரையிறங்கினார்கள். கருவிகளை உடைத்தார்கள். கம்பியை அறுக்கப் போனார்கள். ஆனால் நிலையத்தில் வேலை செய்த தந்தி ஊழியர்கள், அந்நியக் கப்பல் வந்திருக்கிறது என்று முன்னதாகவே செய்தி அனுப்பிவிட்டார்கள். ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி விரைந்து வந்தது. எம்டன் நொறுங்கியது.

எதிர்ப்பக்கமும் இதையேதான் செய்தது. பிரிட்டன் யுத்தம் அறிவித்த மறுநாள், 1914 ஆகஸ்டு 5ல், ஜெர்மனியின் கடலடித் தந்திக் கம்பிகளை அறுத்தது. பீரங்கி முழங்குவதற்கு முன் கம்பி அறுந்தது!

இதில் நமக்கு இரண்டு பாடம் இருக்கிறது. செய்தி ஓடும் வழியை யார் பிடித்தாலும் பாதி யுத்தம் ஜெயித்த மாதிரி. இது நூறு வருஷத்துக்கு முந்திய தந்திக் காலத்திலேயே தேசங்களுக்குத் தெரியும். இது முதல் பாடம். இரண்டாவது பாடம், எம்டனைக் காட்டிக்கொடுத்தது எந்தத் தளபதியும் அல்ல, வேலையில் விழிப்பாக இருந்த சில ஊழியர்கள். இந்த இரண்டாவது பாடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்குத் திரும்பவும் வருவேன்.

இன்றும் இன்டர்நெட் என்பது ஆகாயத்தில் மிதப்பதல்ல. கடலுக்கடியில் கிடக்கும் கண்ணாடி இழைக் கம்பிகள்தான் கண்டங்களை இணைக்கின்றன. அவற்றில் சில சென்னைக் கடற்கரையில் கரையேறுகின்றன. 2008 ஜனவரி கடைசியில் எகிப்தின் அலெக்சாந்திரியா பக்கத்தில் கம்பிகள் அறுந்தபோது இந்தியாவிலும் இன்டர்நெட் தடுமாறியது.

கதிர் சுழலும் கதை

நூற்பாலைத் தோழர்களுக்கு இது உடனே விளங்கும். உங்கள் ஆலையில் கதிர்கள் ஒரே வேகத்தில் சுழல வேண்டும். வேகம் கூடினால் நூல் அறும்; குறைந்தால் முறுக்கு ஏறாது. வேகம் சரியாக இருக்கிறதா என்று பேனலைப் பார்க்கிறீர்கள். பேனலே பொய் சொன்னால்?

ஈரான் தேசத்தில் நதான்ஸ் என்ற இடத்தில் யுரேனியத்தைச் செறிவூட்டும் ஆலை இருக்கிறது. அங்கேயும் கதிர் போலச் சுழலும் உருளைகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. வினாடிக்கு ஆயிரம் சுற்று அளவுக்குச் சுழல்பவை. அந்த ஆலையின் கம்ப்யூட்டர்கள் இன்டர்நெட்டோடு இணைக்கப்படாதவை. இருந்தும் அதற்குள் ஒரு வைரஸ் போய்ச் சேர்ந்தது. அந்த வைரஸ் கட்டைவிரல் அளவுள்ள பென்டிரைவ் மூலமாகவும் பரவக்கூடியது. உள்ளே போன பிறகு அது உருளையின் வேகத்தைத் திடீரென்று கூட்டும். பிறகு ஒரேயடியாகக் குறைக்கும். பேனலில் மட்டும் “எல்லாம் ஒழுங்கு” என்று காட்டும்! உருளைகள் உடைந்தன. சுமார் 1,000 உருளைகள் சேதமடைந்திருக்கும் என்பது நிபுணர்களின் கணக்கு. அங்கே வேலை செய்தவர்களுக்குக் காரணம் புரியவில்லை.

2010 ஜூன் மாதம் இந்த வைரஸ் பெலாரஸ் நாட்டு நிபுணர்கள் கையில் அகப்பட்டது. ஸ்டக்ஸ்நெட் என்று அதற்குப் பெயர். அமெரிக்காவும் இஸ்ரேலும் சேர்ந்து செய்த வேலை இது என்று 2012ல் அமெரிக்கப் பத்திரிகையே விவரமாக எழுதியது. இரண்டு சர்க்கார்களும் பகிரங்கமாக ஒப்புக்கொள்ளவில்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. ஈரானைக் குறிவைத்த வைரஸ் ஈரானோடு நிற்கவில்லை. அது மிகுதியாகப் பரவிய தேசங்களில் ஈரானுக்கு அடுத்தபடி இந்தோனேசியாவும் இந்தியாவும் இருந்தன. பீரங்கிக் குண்டு விழுந்த இடத்தில் வெடித்து முடிந்துவிடும். இந்தக் குண்டு வேலி தாண்டும், எல்லை தாண்டும், பிரதி எடுத்துக்கொண்டே போகும்.

கூடங்குளத்துக்கு வந்த ஆபத்து

“ஈரான் எங்கோ இருக்கிறது” என்று சொல்லாதீர்கள். நம் தமிழ்நாட்டுக்கு வருவோம்.

கூடங்குளம் அணுமின் நிலையத்தில் தலா 1,000 மெகாவாட் திறனுள்ள இரண்டு உலைகள் ஓடிக்கொண்டிருந்த காலம். 2019 செப்டம்பர் 4 அன்று, கம்ப்யூட்டர் ஆபத்துகளைக் கண்காணிக்கும் மத்திய சர்க்கார் அமைப்பு, அணுமின் கழகத்துக்கு ஒரு தகவல் கொடுத்தது: உங்கள் கம்ப்யூட்டரில் கள்ள நிரல் புகுந்திருக்கிறது! ஜனங்களுக்கு அது சொல்லப்படவில்லை. அக்டோபர் 28ல் செய்தி வெளியே கசிந்தது. 29ந் தேதி நிலையத்தின் சார்பில் மறுப்பு வந்தது: “இப்படி ஒரு தாக்குதல் சாத்தியமே இல்லை.” மறுநாள் 30ந் தேதி அணுமின் கழகமே அறிக்கை விட்டது: “கள்ள நிரல் இருந்தது உண்மை.”

ஒரே நாளில் “சாத்தியமில்லை” என்பது “உண்மை” ஆகிவிட்டது!

நியாயத்தோடு பேச வேண்டும். உலையை இயக்கும் கம்ப்யூட்டர்களுக்குள் அது போகவில்லை, நிர்வாக வேலைக்கான, இன்டர்நெட்டோடு இணைந்த ஒரு கம்ப்யூட்டரில்தான் இருந்தது, இரண்டும் தனித்தனி என்று கழகம் சொன்னது. அதற்கு மாறான ஆதாரம் வெளிவரவில்லை. ஆகவே உலை வெடிக்க இருந்தது என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். அந்தக் கள்ள நிரலின் பெயர் டிட்ராக். அது ஒற்றன் வேலை செய்வது. தட்டும் எழுத்துகளையும் கோப்புகளின் விவரத்தையும் திருடி அனுப்புவது. வட கொரியாவோடு தொடர்புபடுத்தப்படும் லாசரஸ் என்ற கூட்டத்தின் கைவேலை அது என்று ரஷ்யக் கம்பெனியான காஸ்பர்ஸ்கி முதலியவற்றின் நிபுணர்கள் கருதினார்கள். கோர்ட்டில் நிரூபிக்கப்பட்டது என்று சொல்வதற்கில்லை.

ஆனால் நம் கேள்வி இதுதான்: செப்டம்பர் 4ல் தெரிந்த விஷயம் அக்டோபர் 30 வரை ஏன் மூடி வைக்கப்பட்டது? இடிந்தகரையிலும் கூடங்குளத்திலும் குடியிருக்கும் மீனவனுக்கு, அந்த நிலையத்துக்குள் போய் வேலை செய்யும் தொழிலாளிக்கு, தெரிந்துகொள்ளும் உரிமை இல்லையா? இரகசியம் எதிரிக்கு எதிராக இருந்தால் புரிகிறது. எதிரிதான் உள்ளே வந்து பார்த்துவிட்டானே! பிறகு யாருக்கு எதிராக இந்த இரகசியம்?

இத்தோடு முடியவில்லை. 2020 ஜூன் மாதம் கல்வான் பள்ளத்தாக்கில் இந்திய, சீனப் படைகள் மோதின. நம் வீரர்கள் 20 பேர் உயிர் துறந்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 12ல் மும்பை நகரம் இருட்டில் மூழ்கியது. 2021 பிப்ரவரி கடைசியில் ஒரு அமெரிக்கக் கம்பெனி அறிக்கை வெளியிட்டது. இந்தியாவின் 5 பிராந்திய மின்பகிர்வு மையங்களில் 4 மையங்களைச் சீனத் தொடர்புள்ள ஒரு கூட்டம் குறிவைத்தது என்று அது சொல்லியது. இரண்டு துறைமுகங்களும் பட்டியலில் இருந்தன. அவற்றில் ஒன்று நம் தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகம் என்று பத்திரிகைகளில் வந்தது. சீனா மறுத்தது. மும்பை இருட்டுக்குக் காரணம் மனிதத் தவறு, வெளித் தாக்குதல் அல்ல என்றார் மத்திய மின்துறை மந்திரி. மகாராஷ்டிர மந்திரியோ நாச வேலையாக இருக்கலாம் என்றார். இரண்டு சர்க்கார், இரண்டு பேச்சு. ஜனங்களோ மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் அடி வாங்கினார்கள்.

கும்பகோணத்துப் பணம்

மின்சாரத்தை விட்டுப் பணத்துக்கு வருவோம். கும்பகோணத்தில் 1904ல் தொடங்கிய சிட்டி யூனியன் பாங்கு உங்களுக்குத் தெரியும். 2018 பிப்ரவரியில் அந்த பாங்கின் கம்ப்யூட்டருக்குள் எவனோ புகுந்து, தேசங்களுக்கிடையே பணம் அனுப்பும் ஸ்விப்ட் முறை வழியாக மூன்று கள்ள உத்தரவுகளை அனுப்பினான். ஒன்று துபாய்க்கு, ஒன்று துருக்கிக்கு, ஒன்று சீனாவுக்கு. மொத்தம் ஏறத்தாழ 20 லட்சம் டாலர். பாங்குக்காரர்கள் கணக்கை ஒப்பிட்டுப் பார்த்தபோது குட்டு வெளிப்பட்டது. துபாய்க்குப் போன 5 லட்சம் டாலரை உடனே மறித்தார்கள். இது சர்வதேசக் குற்றவாளிகளின் வேலை என்று பாங்கு கூறியது.

அதே 2018 ஆகஸ்டில் புனே நகரத்துக் காஸ்மாஸ் கூட்டுறவு பாங்கில் 94 கோடி ரூபாய் போயிற்று. இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2016 பிப்ரவரியில், வங்காள தேசத்தின் மத்திய பாங்கிலிருந்து 95 கோடி டாலருக்கு மேல் திருட முயன்றார்கள். 8 கோடியே 10 லட்சம் டாலர் பிலிப்பைன்ஸ் போய்ச் சேர்ந்தது. இலங்கையில் ஒரு பெயருக்கு அனுப்பிய 2 கோடி டாலர் எப்படித் தப்பியது தெரியுமா? திருடன் எழுத்துப் பிழை விட்டிருந்தான். வழியிலிருந்த ஒரு பாங்கில் அதைக் கண்ட ஊழியருக்குச் சந்தேகம் தட்டியது. கேள்வி கேட்டார்கள். பணம் நின்றது. மறுபடியும் ஊழியரின் கண்!

இதையும் வட கொரியா செய்ததாக அமெரிக்கா குற்றம் சாட்டியது. வட கொரியா மறுத்தது. எவர் செய்தாலும் நாம் சொல்வது ஒன்றுதான். பஞ்சம் பிழைக்கும் வங்காள ஜனங்கள் சவூதியிலும் துபாயிலும் வியர்வை சிந்தி அனுப்பிய அன்னியச் செலாவணியும் அந்தக் கஜானாவில்தான் சேர்ந்திருந்தது. அது உழைப்பாளியின் பணம். அதைத் தொட எந்தக் கொடிக்கும் உரிமை இல்லை.

ஆயுதக் கிடங்கைத் திறந்து போட்டவர்கள்

இவ்வளவு கள்ளச் சாவிகள் எங்கிருந்து வந்தன? இதுதான் விஷயத்தின் மையம். கவனியுங்கள்.

உலகத்துக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை சில அமெரிக்கக் கம்பெனிகளின் மென்பொருளில் ஓடுகின்றன. அதில் ஓட்டை இருப்பது சகஜம். ஓட்டையைக் கண்டுபிடித்தவன் என்ன செய்ய வேண்டும்? சொல்லி அடைக்க வேண்டும். அமெரிக்க சர்க்காரின் ஒற்றர் ஸ்தாபனமான தேசியப் பாதுகாப்பு ஏஜென்சி என்ன செய்தது? ஒரு ஓட்டையைச் சொல்லாமல் வைத்துக்கொண்டு, அதற்குக் கள்ளச் சாவி செய்து பூட்டி வைத்தது. அந்தச் சாவியே களவு போயிற்று! 2017 ஏப்ரலில் அதை ஊரறியப் பரப்பிவிட்டார்கள். கம்பெனி அதற்கு முந்திய மாதம்தான் அவசரமாக ஓட்டையை அடைக்க வழி கொடுத்திருந்தது. பல இடங்களில் அடைக்கவில்லை. 2017 மே 12ல் அந்தச் சாவியால் வான்னகிரை என்ற வைரஸ் சுமார் 150 தேசங்களில் 2 லட்சத்துக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்களைப் பூட்டிப்போட்டது. பிரிட்டனில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின.

அடுத்த மாதம், ஜூன் 27ல், உக்ரைனைக் குறிவைத்து நாட்பெட்யா என்ற வைரஸ் கிளம்பியது. அமெரிக்காவும் பிரிட்டனும் ரஷ்யாவைக் குற்றம் சாட்டின, ரஷ்யா மறுத்தது. அந்த வைரஸிலும் அதே களவுச் சாவி இருந்தது. குறி உக்ரைன், அடி விழுந்தது எங்கே? டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் கம்பெனி முடங்கி, மும்பைக்கு அருகே ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அதன் சரக்கு முனையம் ஸ்தம்பித்தது. பாரம் ஏற்றிய லாரிகள் சாலையில் நின்றன. இந்திய லாரி டிரைவருக்கும் உக்ரைன் சண்டைக்கும் என்ன சம்பந்தம்?

மெர்ஸ்க் கம்பெனி எப்படி மீண்டது என்பது சுவையான கதை. கம்பெனியின் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் விலாசமும் அனுமதியும் வைத்திருக்கும் முக்கியப் பதிவு உலகம் பூராவும் அழிந்துவிட்டது. ஆப்பிரிக்காவில் கானா நாட்டு ஆபீசில் மட்டும் ஒரு பிரதி பிழைத்திருந்தது. ஏன்? வைரஸ் வந்த சமயத்தில் அங்கே கரண்டு கட்! நாம் திட்டிக்கொண்டிருக்கும் மின்வெட்டு உலகத்தின் பெரிய கப்பல் கம்பெனியைக் காப்பாற்றியது.

ஒட்டுக் கேட்பதிலும் இதே கதைதான். 2013 ஜூனில் எட்வர்டு ஸ்நோடன் வெளியிட்ட அமெரிக்க இரகசியத் தஸ்தாவேஜுகளைப் பாருங்கள். அந்த ஆண்டு மார்ச் ஒரே மாதத்தில் இந்தியாவிலிருந்து 630 கோடி தகவல் துணுக்குகளைத் திரட்டினார்கள். சிநேக தேசம் என்று கை குலுக்கிக்கொண்டே திரட்டினார்கள்!

வேலியே பயிரை மேய்ந்த கதையும் உண்டு. இஸ்ரேலியக் கம்பெனி ஒன்று பெகாசஸ் என்ற வேவுக் கருவியைச் சர்க்கார்களுக்கு மட்டுமே விற்பதாகச் சொல்கிறது. இந்தியப் பத்திரிகைக்காரர்கள், எதிர்க்கட்சியினர் கைப்பேசிகள் அதற்குக் குறியானதாக 2021 ஜூலையில் செய்தி வந்தது. சுப்ரீம் கோர்ட்டு கமிட்டி போட்டது. 29 கைப்பேசிகளைச் சோதித்ததில் 5ல் ஏதோ கள்ள நிரல் இருந்தது; அது பெகாசஸ்தான் என்று உறுதியாகவில்லை; மத்திய சர்க்கார் ஒத்துழைக்கவில்லை என்று கமிட்டி தெரிவித்ததாக 2022 ஆகஸ்டில் கோர்ட்டே கூறியது.

ஆகவே தோழர்களே, இந்த தேசம் கெட்டது, அந்த தேசம் நல்லது என்று சுலபமாகப் பிரித்துவிடாதீர்கள். அமெரிக்கா, இஸ்ரேல், ரஷ்யா, சீனா, வட கொரியா எல்லோர் பெயரும் அடிபடுகிறது. நம் தேசத்தின் மீதும் அண்டை நாடுகள் இதே குற்றம் சாட்டுகின்றன. ஆயுதம் சேர்ப்பவர்கள் சேர்க்கிறார்கள். விற்பவர்கள் லாபம் பார்க்கிறார்கள். திறந்த கதவு வழியாகக் காற்று வாங்குவது யார்? கதவே இல்லாத குடிசைக்காரன்.

கை வேலை காப்பாற்றியது

இப்போது எம்டன் சொன்ன இரண்டாவது பாடத்துக்கு வருகிறேன்.

2015 டிசம்பர் 23. உக்ரைனின் மேற்குப் பகுதி. மின்சாரக் கம்பெனி ஊழியர்கள் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவர்கள் தொடாமலே திரையில் அம்புக்குறி நகர்ந்தது. ஒவ்வொரு சப்ஸ்டேஷனாக அணைந்தது. சுமார் 2 லட்சத்து 25 ஆயிரம் இணைப்புகள் இருளில் மூழ்கின. மறுபடி எப்படி வந்தது மின்சாரம்? ஊழியர்கள் வண்டி ஏறி, ஒவ்வொரு சப்ஸ்டேஷனுக்கும் போய், கையாலேயே சுவிட்சைப் போட்டார்கள். சில மணி நேரத்தில் விளக்கு எரிந்தது.

2022 நவம்பர் 23ல் டில்லியில் எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்கள் முடங்கின. நாள் கணக்கில் சீட்டும் பேனாவும் வைத்து நர்சுகளும் டாக்டர்களும் ஊழியர்களும் ஆஸ்பத்திரியை நடத்தினார்கள்.

இதன் பொருள் என்ன? மெஷின் முடங்கும்போது காப்பாற்றுவது வேலை தெரிந்த மனிதன். சப்ஸ்டேஷனில் ஆள் இல்லை, எல்லாம் தானாக ஓடும் என்று ஆளைக் குறைத்துவிட்டால், முடங்கிய நாளில் சுவிட்சைப் போட யார் போவான்? இன்றைக்கு வந்து நாளைக்குப் போகும் காண்டிராக்ட் ஆளுக்கு எந்தச் சுவிட்சு எங்கே என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்? கம்ப்யூட்டர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மெஷினை உடைப்பது நம் வேலையல்ல. ஆனால் மெஷினுக்குப் பின்னால் பயிற்சி பெற்ற நிரந்தரத் தொழிலாளி இருக்க வேண்டும். இது கூலிக் கோரிக்கை மட்டுமல்ல. தேசப் பாதுகாப்புக் கோரிக்கையும் ஆகும்!

நாம் கேட்பது என்ன?

ஒன்று: மின்சாரம், ரயில், ஆஸ்பத்திரி, பாங்கு, ரேஷன் எதுவானாலும், கம்ப்யூட்டர் முடங்கினால் கையால் நடத்த ஏற்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். “சர்வர் இல்லை, நாளைக்கு வா” என்ற பேச்சு கூடாது. ஆதார் இல்லை, விரல் பதியவில்லை என்பதற்காக ரேஷனை மறுக்கக் கூடாது என்று மத்திய உணவுத் துறை 2017 அக்டோபர் 24லேயே மாநிலங்களுக்கு எழுதியது. அதைக் கடையில் சொல்லிக் கேளுங்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவளைத் திருப்பி அனுப்புவது சின்ன விஷயமல்ல.

இரண்டு: நம்மைப் பற்றிய விவரத்தைக் கேட்கிறவன் அதைக் காக்க வேண்டும். தமிழ்நாட்டு ரேஷன் பட்டியலிலிருந்து ஏறக்குறைய 50 லட்சம் பேரின் விவரம் வெளியே கசிந்ததாக 2021ல் பத்திரிகைகளில் செய்தி வந்தது. கசிந்தால் சம்பந்தப்பட்டவனுக்குச் சொல்ல வேண்டும். கூடங்குளம் மாதிரி மூடி வைக்கக் கூடாது.

மூன்று: உலகத்தில் சமாதானம் வேண்டும். மின்நிலையம், ஆஸ்பத்திரி போன்ற ஜன ஜீவன ஸ்தாபனங்களைக் கம்ப்யூட்டர் வழியாகத் தாக்கக் கூடாது என்று 2015ல் ஐக்கிய நாடுகள் சபையில் தேசங்கள் நெறிமுறை வகுத்தன. நல்ல வார்த்தை. ஆனால் கட்டாயப்படுத்தும் சட்டமில்லை. அந்த வாக்குறுதி கொடுத்த அதே டிசம்பரில்தான் உக்ரைன் இருண்டது! விஷவாயுவைத் தடை செய்த உலகம் இதையும் கட்டுப்படுத்த முடியும். உலக ஜனங்கள் கேட்டால் முடியும்.

வீட்டில் செய்ய வேண்டியது

கடைசியாகச் சில காரியங்கள். தும்பை விட்டு வாலைப் பிடிக்காதீர்கள்.

பாங்கிலிருந்து பேசுகிறேன், போலீசிலிருந்து பேசுகிறேன் என்று எவன் பேசினாலும் ரகசிய எண்ணைச் சொல்லாதீர்கள். பணம் போனது தெரிந்தால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். பாங்குக்கும் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். 2017 ஜூலை 6ந் தேதி ரிசர்வ் பாங்கு போட்ட சுற்றறிக்கை சொன்னது இது: தவறு பாங்குடையதானால் நஷ்டம் வாடிக்கைக்காரனுக்கு இல்லை, தவறு இருவர் மீதும் இல்லாமல் வெளியாள் செய்த திருட்டானால், 3 வேலை நாளுக்குள் தெரிவித்தால் நஷ்டம் வாடிக்கைக்காரனுக்கு இல்லை. ரகசிய எண்ணை நாமே சொல்லிவிட்டால், புகார் கொடுக்கும் வரை போனது நம் தலையில். ஆகவே ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குச் சங்கத் தோழர்கள் கூடப் போய் எழுதிக்கொடுங்கள்.

வதந்தியைப் பரப்பாதீர்கள். 2025 மே மாதம் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் மோதல் நடந்த நாட்களில், ஏ.டி.எம். எல்லாம் இரண்டு மூன்று நாள் மூடிவிடுவார்கள் என்று வாட்ஸ்அப்பில் பரப்பினார்கள். பொய் என்று சர்க்காரே மறுத்தது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். எதிரி நாட்டான் ஒரு குண்டும் போடாமல், ஒரு பொய்யால் நம்மை பாங்கு வாசலில் வரிசையில் நிறுத்த முடியும். அடுத்த மதத்துக்காரன் மீது, அடுத்த ஜாதிக்காரன் மீது வெறுப்பை மூட்டும் படம் வந்தால், அதை அனுப்பியவனுக்கு என்ன லாபம் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். யோசிக்கிற தொழிலாளியை எந்த வைரஸும் பிடிக்காது.

ஆலையில், ஆபீசில் வேலை செய்கிறவர்கள் கண்ட பென்டிரைவையும் மெஷினில் செருகாதீர்கள். செருகச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். பேனல் ஒன்று சொல்லி, உங்கள் காது வேறொன்று சொன்னால், காதை நம்பி மேஸ்திரியைக் கூப்பிடுங்கள். நதான்ஸில் பொய் சொன்னது பேனல்தான்.

தோழர்களே! ராஜ்யங்களின் சண்டையில் சிப்பாயாவதற்கும் பலியாவதற்கும் மட்டுமே ஏழை வேண்டும் என்ற காலம் மலையேற வேண்டும். கம்பி இழுத்தவன் தொழிலாளி. கம்பம் நட்டவன் தொழிலாளி. உலை எரிப்பவனும், கதிர் சுழற்றுபவனும், கணக்கு எழுதுபவனும் தொழிலாளி. அந்தக் கம்பிக்குள்ளே என்ன ஓடுகிறது என்று கேட்க அவனுக்கு உரிமை உண்டு. கேளுங்கள். ஆலை வாசலில் கேளுங்கள், ரேஷன் கடையில் கேளுங்கள், பாங்கில் கேளுங்கள், பதில் வரும் வரை கூட்டாக நின்று கேளுங்கள்!